பெட்டியில் ஒரு நாடு, பாகத்தில் இன்னொரு நாடு

நேயர்களுக்கு என் வணக்கம்.

"பெட்டியில ஜெர்மன் கம்பெனி பேர் போட்டிருக்கு. உள்ள இருக்கிற பிரேக் பேட்ல வேற நாட்டுப் பேர் இருக்கு. இது டூப்ளிகேட்டா?" உதிரிபாகங்களோடு பழகும் எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. அந்த ஒரு காரணத்துக்காக அதை டூப்ளிகேட் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சந்தேகம் நியாயமானது. நம் உயிரை நிறுத்திப் பிடிக்கும் பொருள் எங்கே பிறந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கார் பாகங்கள் செய்யும் பாஷ் நிறுவனம் 1886இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது. இன்று அதன் ஆலைகள் பல கண்டங்களில் இருக்கின்றன. பெயர் ஓரிடம், ஆலை வேறிடம். சில பிராண்டுகள் பல பாகங்களைத் தாங்களே செய்வதில்லை; பிற ஆலைகளில் வாங்கித் தங்கள் பெட்டியில் அடைத்து விற்கின்றன.

கார் கம்பெனிகளும் பெரும்பாலான பாகங்களை வெளியிலிருந்தே வாங்குகின்றன. ஒரே ஆலையில் செய்த கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை), கார் கம்பெனியின் பெட்டியில் ஒரு விலைக்கும், அதைச் செய்தவரின் சொந்தப் பெட்டியில் இன்னொரு விலைக்கும் வரும். இரண்டாவதில் சில சமயம் ஒரு மூலை ராவியிருக்கும். பாகத்தை வார்க்கும் அச்சிலேயே கார் கம்பெனியின் முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையோடு வெளியில் விற்க அனுமதியில்லை, அதனால் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். இதைத் திருட்டுச் சரக்கு என்று பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். அதே சமயம், ராவிய தடத்தைப் போலிக்காரனும் உண்டாக்க முடியும். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

பார்கோடைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்பதும் தவறு. 400 முதல் 440 வரை தொடங்கினால் ஜெர்மனி, 890 என்றால் இந்தியா என்பார்கள். அது அந்த நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் எண் வாங்கியது என்பதைத்தான் காட்டும். பாகத்தில் வட்டத்துக்குள் இருக்கும் 'ஈ' (E) எழுத்தும் அப்படித்தான். பக்கத்தில் 1 இருந்தால் ஜெர்மனி ஒப்புதல் கொடுத்தது, 4 இருந்தால் நெதர்லாந்து கொடுத்தது. செய்த இடம் வேறாக இருக்கலாம். ஆனாலும் இந்தக் குறியை நான் மதிக்கிறேன். ஐ.நா. விதி 90இன்படி, மாற்று பிரேக் பேடின் பிடிப்பு ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அந்தச் சோதனையைத் தாண்டியது என்ற செய்தி, நாட்டின் பெயரைவிட எனக்கு முக்கியம்.

நாட்டின் பெயரே ஒரு கணக்குதான். சக்கரம் உராயாமல் சுழல உதவும் வீல் பேரிங்கின் குண்டுகள் ஒரு நாட்டிலும், வளையங்கள் இன்னொரு நாட்டிலும் செய்யப்பட்டு, மூன்றாவது நாட்டில் கோக்கப்பட்டால் எந்தப் பெயரைப் பொறிப்பது? கடைசியாக எங்கே முக்கியமான மாற்றம் நடந்தது என்று பார்த்துத்தான் சுங்க விதிகள் பொதுவாக முடிவு செய்கின்றன. பெயரின் மதிப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1887இல் பிரிட்டன் சட்டம் போட்டு ஜெர்மன் சரக்கில் நாட்டின் பெயரைப் பொறிக்க வைத்தது, மட்டமான சரக்கு என்று மக்கள் அடையாளம் காணத்தான்!

உண்மையான ஆபத்து போலியில் இருக்கிறது. 2012 அக்டோபரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை போலி ஏர்பேக் (மோதலில் விரியும் காற்றுப் பை) பற்றி எச்சரித்தது. பார்வைக்கு ஒரிஜினல் மாதிரியே, கார் கம்பெனி முத்திரையோடு இருந்தன. சோதித்தபோது சில விரியவே இல்லை. சில உலோகத் துண்டுகளைச் சிதறடித்தன. இங்கே எந்த நாடு என்பதைவிட, எந்த ஆலை, யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் சொல்லும் ஒரு பாகம் உங்கள் காரிலேயே இருக்கிறது: டயர். பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்ற எழுத்துகளை அடுத்து வரும் முதல் இரண்டு அல்லது மூன்று குறிகள் அதைச் செய்த ஆலையைச் சொல்லும். கடைசி நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். குறை தெரிந்தால் அந்த ஆலையில் அந்த வாரம் வந்த டயர்களைத் தேடித் திரும்பப் பெற முடிகிறது. ரப்பரில் முடிகிற இந்தக் காரியம், பிரேக் பேடின் இரும்புத் தகட்டிலும் ஏர்பேக்கின் உறையிலும் எல்லா இடத்திலும் கட்டாயமாக வேண்டும். அதைத்தான் தயாரிப்பாளர்களிடமும் அரசுகளிடமும் நான் கேட்கிறேன்.

நன்றி, வணக்கம்.