புதைத்தவர்கள் போய்விட்டார்கள், குழி எங்கே? ராணுவக் கழிவு நிலங்களைத் தேடிச் சுத்தம் செய்யும் வேலை

[திரையில்: மரங்கள் அடர்ந்த ஒரு குடியிருப்புத் தெரு]

1993 ஜனவரி 5. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஸ்பிரிங் வேலி என்று ஒரு பகுதி. பெரிய வீடுகள், பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம், தூதர்கள் குடியிருக்கும் தெருக்கள். அங்கே குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். பள்ளத்துக்குள் பழைய பீரங்கிக் குண்டுகள் கிடந்தன.

சுற்றியிருந்த வீடுகளில் இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு ராணுவம் வந்து தோண்டியது. 141 வெடிபொருட்கள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றுக்குள் வெடிமருந்து அல்ல, ரசாயன ஆயுதம் இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது.

பணக்காரக் குடியிருப்புக்குக் கீழே இதெல்லாம் எப்படி வந்தது?

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். வெட்டவெளி, மரக் கொட்டகைகள்]

முதல் உலகப் போர் சமயத்தில், 1917-ல், அமெரிக்கன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை அரசுக்குக் கொடுத்தது. அங்கே ரசாயன ஆயுத ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கியது. கடுகு வாயு, ஆர்சனிக் கலந்த நச்சுகள் எனப் பலவற்றையும் அங்கே தயாரித்தார்கள், சுற்றியிருந்த வயல்வெளியில் வெடித்துச் சோதித்தார்கள். போர் முடிந்தது, நிலையத்தை மூடினார்கள். மிச்சமிருந்ததில் ஒரு பகுதியைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே இருந்த நிலம். அப்புறம் நகரம் வளர்ந்து அதன் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த வீடியோ முழுக்க நான் சொல்லப்போவதற்கு இதுதான் அடிப்படை. புதைத்த பொருளைவிட, புதைத்த இடம் மறந்துபோனதுதான் பெரிய ஆபத்து. அதனால் இந்தத் துறையில் இருப்பவர்களின் வேலை மண்வெட்டியில் தொடங்குவதில்லை. பழைய காகிதத்தில் தொடங்குகிறது.

[திரையில்: ஆவணப் பெட்டிகள், பழைய வரைபடம்]

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. 1980-ல் வந்த சட்டத்தை எல்லோரும் சூப்பர்ஃபண்ட் சட்டம் என்பார்கள். நிலத்தைக் கெடுத்தவரே சுத்தம் செய்யவேண்டும் என்பது அதன் சாரம். 1986-ல் செய்த திருத்தம் பாதுகாப்புத் துறைக்கென்று தனித் திட்டத்தையே உருவாக்கியது. 1986 அக்டோபர் 17-க்கு முன் ராணுவத்தின் கையை விட்டுப்போன நிலமா? அது இன்று யாருடைய வீடாக, பள்ளியாக, பூங்காவாக இருந்தாலும், ராணுவம் விட்டுப்போன மாசுக்கு ராணுவப் பொறியாளர் படைதான் போய்ப் பார்க்கவேண்டும்.

முதல் கட்டம் பூர்வாங்க மதிப்பீடு. இதில் மண்ணைத் தொடுவதே இல்லை. கொள்முதல் பதிவுகள், கட்டட வரைபடங்கள், போக்குவரத்துக் கணக்குகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருந்தால் போய்ப் பேசுகிறார்கள். "லாரி எந்தப் பக்கம் போகும்? எங்கே கொட்டுவீர்கள்? எப்போது புகை வரும்?" இப்படியான கேள்விகள். வயதான ஒருவர் கை காட்டும் திசை சில நேரம் ஒரு அலமாரி ஆவணத்தைவிட உபயோகமானது.

அடுத்து வான்வழிப் படங்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். 1940-களிலும் 50-களிலும் விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்துப் பார்க்கும்போது நிலம் கதை சொல்லத் தொடங்குகிறது. ஒரு படத்தில் வெறும் புல்வெளி. அடுத்த படத்தில் அதே இடத்தில் நீளமான பள்ளம். மூன்றாவதில் பள்ளம் இல்லை, புல் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. அந்த நிற வித்தியாசம்தான் தடயம்.

ஸ்பிரிங் வேலியில் இதைவிட அபூர்வமான ஒன்று கிடைத்தது. 1918-ல் எடுத்த ஒரு புகைப்படம். வாயு முகமூடி போட்ட ராணுவ வீரர் ஒருவர் குழியின் ஓரத்தில் நிற்கிறார். குழிக்குள் ரசாயன ஜாடிகள். அந்தக் குழிக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ஹேடிஸ், அதாவது கிரேக்கர்களின் பாதாள உலகம். இப்போது அந்தக் குழி எந்த வீட்டுத் தோட்டத்துக்குக் கீழே இருக்கிறது? இந்த ஒரு கேள்வி ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் அலைய வைத்தது.

1995-ல் ராணுவம் வேலை முடிந்தது என்று அறிவித்தது. முடியவில்லை. நகர நிர்வாகம் கேள்வி கேட்டது, கோப்பு மறுபடி திறந்தது. தென்கொரியத் தூதரின் இல்ல வளாகத்தில் புதைகுழிகள் கிடைத்தன. 2001-ல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் காப்பக மண்ணிலேயே ஆர்சனிக் தெரியவந்தது. தன் குழந்தை அந்த மண்ணில் விளையாடியது என்று தெரிந்த ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? முடிந்தது என்று அறிவிக்கும் ஒவ்வொரு அதிகாரியும் கையெழுத்துப் போடுமுன் அதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

[திரையில்: தள்ளுவண்டி போன்ற கருவியைத் தள்ளிக்கொண்டு நேர்கோட்டில் நடக்கும் ஒருவர்]

சரி, இடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்து, தோண்டாமலேயே உள்ளே பார்க்கவேண்டும். மாக்னடோமீட்டர் புதைந்த இரும்பால் பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை உணரும். மின்காந்தக் கருவி அலுமினியம், பித்தளை போன்ற மற்ற உலோகங்களையும் பிடிக்கும். தரை ஊடுருவும் ரேடார், மண் எங்கே கிளறப்பட்டிருக்கிறது என்று காட்டும், ஆனால் ஈரமான களிமண்ணில் திணறிவிடும். இதில் சங்கடம் என்னவென்றால், குண்டும் சிக்னல் கொடுக்கும், துருப்பிடித்த வேலிக்கம்பியும் சிக்னல் கொடுக்கும். தோண்டிப் பார்ப்பதில் பெரும்பகுதி வெறும் இரும்புத் துண்டாகவே முடியும். ஆனாலும் ஒவ்வொன்றையும் குண்டு என்று நினைத்துத்தான் தோண்டவேண்டும்.

அப்புறம் மண் மாதிரி, நிலத்தடி நீர் மாதிரி, கண்காணிப்புக் கிணறுகள். இங்கே கவனம் குண்டிலிருந்து கரைப்பானுக்குத் திரும்புகிறது. ராணுவக் கழிவு என்றதும் நமக்கு வெடிகுண்டுதான் மனதில் வரும். எண்ணிக்கையில் பார்த்தால் அதிக நிலங்களைக் கெடுத்தவை சாதாரணப் பொருட்கள்: எரிபொருள், பெயிண்ட், பேட்டரி, எந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கப் பயன்படுத்திய டிரைக்ளோரோஎத்திலீன்.

இந்த டிரைக்ளோரோஎத்திலீன் ஒரு பொல்லாத பொருள். எண்ணெய் போல மிதக்காது. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அதனால் நிலத்தடி நீருக்குள்ளும் மூழ்கி, அடியில் இருக்கும் களிமண் படிவம் வரை இறங்கி, அங்கே தேங்கி நின்றுகொள்ளும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பல பத்தாண்டுகள் கரைந்துகொண்டே இருக்கும். குடிநீரில் இதற்கான அமெரிக்க உச்சவரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். தண்ணீரைக் குடிக்காதவர்களும் தப்ப முடியாது. ஆவியாகி மண் வழியே மேலேறி, வீட்டுத் தரையின் விரிசலுக்குள் நுழைந்துவிடும்.

[திரையில்: பெரிய சமவெளி, தூரத்தில் மலைத்தொடர்]

இப்போது கொலராடோவுக்குப் போவோம். டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் ராக்கி மவுண்டன் ஆர்சனல். 1942-ல் கட்டிய ரசாயன ஆயுதத் தொழிற்சாலை. கடுகு வாயு, 1950-களில் சாரின் நரம்பு நச்சு. அதோடு தனியார் நிறுவனங்களும் தொழிற்சாலையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துப் பூச்சிக்கொல்லிகள் தயாரித்தன. கழிவு எங்கே போனது? தொடக்கத்தில், இயற்கையான ஒரு தாழ்நிலத்தில் திறந்து விட்டார்கள். அடியில் எந்த விரிப்பும் கிடையாது. 1954 வாக்கில் வடக்கே இருந்த விவசாயிகளின் பயிர் கருகியது. அவர்கள் பாய்ச்சியது கிணற்றுத் தண்ணீர்தான்.

1956-ல் தார் விரித்த 93 ஏக்கர் குளம் ஒன்றைக் கட்டினார்கள். அதுவும் நாளடைவில் கசிந்தது. அப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காத கட்டம். 12,000 அடிக்கும் மேல் ஆழமாக ஒரு துளை போட்டு, 1962 மார்ச் முதல் கழிவைப் பாறைக்குள் செலுத்தினார்கள். அடுத்த மாதத்திலேயே டென்வரில் நிலநடுக்கங்கள் தொடங்கின. எவ்வளவு செலுத்தினார்கள், எத்தனை அதிர்வுகள் வந்தன என்பதை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரைந்து, இரண்டும் ஒத்துப்போவதை 1965-ல் காட்டினார் டேவிட் எவன்ஸ் என்ற புவியியலாளர். 1966-ல் செலுத்துவதை நிறுத்தினார்கள். ஆனால் பெரிய அதிர்வுகள் 1967-ல்தான் வந்தன, 5 ரிக்டர் அளவுக்கு. நிறுத்திய பிறகும் பாறைக்குள் அழுத்தம் பரவிக்கொண்டே இருந்தது.

ஆழத்தில் தள்ளினால் தீர்ந்தது என்ற எண்ணம் அங்கேதான் உடைந்தது.

[திரையில்: அசைவூட்டப் படம். நிலத்தடி நீரோட்டம், குறுக்கே ஒரு சுவர்]

அங்கே சுத்தம் செய்த விதம் நுணுக்கமானது. நிலத்தடி நீர் மெதுவாக ஒரு திசையில் நகர்கிறது. அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே, எல்லையில், பெண்டோனைட் களிமண் கலந்த சுவரை நிலத்துக்குள் எழுப்பினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீரை இறைத்து, ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நச்சை ஈர்த்துப் பிடிக்கும் கரி, நிரப்பிய தொட்டிகள் வழியே அனுப்பி, சுத்தமான நீரை அந்தப் பக்கம் மறுபடி நிலத்துக்குள் விட்டார்கள். வடக்கு எல்லையில் இது 1978-லேயே தொடங்கியது. மிக மோசமான மண்ணை, அடியிலும் மேலேயும் மூடிய பாதுகாப்பான நிலக்கிடங்குகளுக்கு மாற்றினார்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 210 கோடி டாலர்.

2000-ல் பழைய இரும்புக் குவியலைப் பிரித்தபோது அதற்குள் சாரின் நிரப்பிய சிறு குண்டுகள் கிடைத்தன. அவ்வளவு ஆய்வுக்குப் பிறகும்.

எல்லா இடத்திலும் தோண்டி எடுப்பதுதான் வழி என்று இல்லை. டிரைக்ளோரோஎத்திலீனைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு. டீஹலோகாக்காய்டிஸ் என்று பெயர். மண்ணுக்குள் தாவர எண்ணெயையோ வெல்லப்பாகையோ செலுத்துவார்கள். மற்ற நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜனை வெளிவிடும். இந்த உயிர்கள் அந்த ஹைட்ரஜனைக் கொண்டு மூலக்கூறிலிருக்கும் குளோரினை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடும். கடைசியில் மிஞ்சுவது தீங்கற்ற எத்திலீன். ஆனால் பாதியில் நின்றுவிட்டால் வினைல் குளோரைடு என்ற, இன்னும் கொடிய பொருள் தங்கிவிடும். அதனால்தான் மாதிரி எடுப்பதை நிறுத்தவே கூடாது.

ஸ்பிரிங் வேலியில் ஒரு பெரணிச் செடியைக்கூட நட்டார்கள். மண்ணிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் ரகம் அது. பெரிய மரங்களின் வேரை அறுத்துத் தோண்ட மனமில்லாத தோட்டங்களுக்கு அது ஏற்ற வழி. ஆனால் ஒரு வீட்டுக்கு அந்த மென்மையான வழி போதவில்லை. கிளென்புரூக் சாலையில் இருந்த அந்த வீட்டை 2012-ல் இடித்தே தோண்டவேண்டியிருந்தது. காற்று வெளியே கசியாத கூடாரம் போட்டு, வடிகட்டி வைத்து, கையளவு கையளவாக.

பாதுகாப்புக்காக ஒன்று சொல்கிறேன். பழைய ராணுவ நிலத்தில் நடக்கும்போது குண்டு போல ஏதாவது கண்ணில் பட்டால், அமெரிக்க ராணுவமே மூன்று படிகள் சொல்கிறது: அடையாளம் காணுங்கள், பின்வாங்குங்கள், தகவல் சொல்லுங்கள். தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள். வந்த வழியிலேயே திரும்புங்கள். நூறு வருடம் மண்ணில் கிடந்த குண்டு தூங்குகிறது என்று நம்பாதீர்கள்.

எந்த முறையில் சுத்தம் செய்வது என்று முடிவெடுக்கும் முன் திட்டத்தை மக்கள் முன் வைக்கவேண்டும், கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தரவேண்டும் என்பதும் சட்டம். மாசு மிச்சமிருக்கும் இடங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்கவேண்டும். அந்த ஐந்தாண்டு அறிக்கைகள் பொதுமக்கள் படிக்கக்கூடியவை. அப்படி ஒரு நிலத்துக்குப் பக்கத்தில் நீங்கள் வசித்தால் தேடிப் படியுங்கள், கூட்டத்துக்குப் போங்கள். ஸ்பிரிங் வேலிக் கோப்பு மறுபடி திறந்ததே, விடாமல் கேட்டவர்களால்தான்.

[திரையில்: பொன்னிறப் புல்வெளி, மேயும் காட்டெருமைகள்]

இதுதான் இன்றைய ராக்கி மவுண்டன் ஆர்சனல். வனவிலங்குச் சரணாலயம். 1986-ல் இங்கே வழுக்கைத்தலைக் கழுகுகள் குளிர்காலத்தில் தங்குவதைக் கண்டுபிடித்ததுதான் திருப்பம். 2007-ல் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2010-ல் சுத்தப்படுத்தும் பணி முடிந்தது. மக்கள் குழந்தைகளோடு வந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஆனால் இங்கே பிடித்த மீனைத் தின்ன அனுமதி இல்லை. நிலத்தடி நீரைக் குடிக்க அனுமதி இல்லை. வீடு கட்டவும் விவசாயம் செய்யவும் அனுமதி இல்லை. சரணாலயத்துக்கு நடுவே, மூடிய கழிவுக் கிடங்குகள் இருக்கும் நிலத்தை ராணுவமே வைத்துக்கொண்டு காவல் காக்கிறது. எல்லையில் தண்ணீரை இறைத்துக் கார்பன் தொட்டிகள் வழியே அனுப்பும் பம்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.