ரோடு முடிஞ்சிருச்சு, டீமுக்கு டாட்டா | கன்னியாகுமரி வ்லாக்

வணக்கம் மக்களே! காத்து பலமா அடிக்குது, மைக்ல ‘பொர்ர்’னு கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கன்னியாகுமரி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். கண்ணாடிப் பாலத்தைக் காட்டுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு ஆயிரம் வீடியோ கெடக்கு, அங்க போய்ப் பாத்துக்கோங்க. இன்னைக்கு வேற கதை.

ஓசூர்ல கிளம்பின எங்க கண் பரிசோதனை வேன் இங்க வந்து நின்னாச்சு. 44-ஆம் நம்பர் ரோடு ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு இங்கதான் முடியுது. 2010-ல நம்பரை மாத்தினாங்க, ஆனா பழைய டிரைவர்கள் வாயில இன்னமும் அது ஏழாம் நம்பர் ரோடுதான். லாரி டிரைவர், கிளீனருக்கு இலவசமா கண் பாத்து, தேவைப்பட்டா படிக்கிற கண்ணாடி கொடுக்கறது, அவ்வளவுதான் வேலை. கிருஷ்ணகிரி, தொப்பூர், நாமக்கல், திண்டுக்கல், கோவில்பட்டின்னு லாரி நிக்கிற இடத்துல எல்லாம் நாங்களும் நின்னோம்.

நாப்பது தாண்டினா வெள்ளெழுத்து எல்லாருக்கும் வரும். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் விறைச்சுப் போயி, கிட்ட இருக்கறதைப் பிடிக்க மாட்டேங்கும். தூரம் நல்லாத் தெரியும், வண்டியும் ஓட்டிருவாங்க. ஆனா சரக்குக்கான இ-வே பில்லைக் கையில கொடுத்தா முழங்கை நீட்டி வச்சுப் படிப்பாங்க. ஃபாஸ்டேக் மெசேஜைக் கிளீனர் பையன்தான் வாசிச்சுக் காட்டணும். பிளஸ் ஒண்ணரை, பிளஸ் ரெண்டு கண்ணாடியை மாட்டிவிட்டா ரெண்டு நிமிஷத்துல முகம் மாறிரும். தொப்பூர்ல ஒரு அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டதும் முதல் வேலையா டீக்கடை விலைப்பட்டியலைப் படிச்சுட்டு, “இவன் இத்தனை நாளா என்கிட்ட ரெண்டு ரூவா கூட வாங்கியிருக்கான்”னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிட்டாரு.

சரி, டீமுக்கு வருவோம். இந்த டூர்ல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடல, ஊர் சொல்லித்தான். மதுரை அக்கா பவர் பாக்கறதுக்குப் படிச்சவங்க. “இது படிக்க மட்டும், வண்டி ஓட்டும்போது கழட்டிரணும்”னு ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போச்சு அவங்களுக்கு. மாட்டிக்கிட்டே ஓட்டினா தூரம் மங்கிரும், அதான். ஓசூர் தங்கச்சிக்குத் தெலுங்கு, கன்னடம் ரெண்டும் தண்ணி பட்ட பாடு, இந்தியும் சமாளிப்பா. அவ இல்லன்னா ஆந்திரா வண்டிக்காரங்க எங்களைப் பாத்து போலீஸ்னு நினைச்சு ஓடியிருப்பாங்க. நாமக்கல் அண்ணன் லாரிக்குப் பாடி கட்டுற பட்டறையில வேலை. தூரத்துல வர்ற வண்டியோட முகப்பைப் பாத்தே எந்தப் பட்டறையில கட்டினதுன்னு சொல்லுவாரு. அவர் கைகாட்டினா வண்டி நிக்கும், நான் கைகாட்டினா ஹாரன் அடிச்சுட்டுப் போயிரும்.

இதுல யாரோட வீட்டு விஷயமும் எனக்கு முழுசாத் தெரியாது. அக்காவுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு நேத்து ராத்திரிதான் கேட்டேன். ஆனா கண் பாக்கற எழுத்து அட்டைக்குத் தூரம் அளக்கற ஆறு மீட்டர் கயித்தோட இன்னொரு முனையை யாரு பிடிச்சிருக்காங்கன்னு திரும்பிப் பாக்காமலே தெரியும். இதுக்கு என்ன பழக்கம்னு பேரு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

வழக்கமா டூர் முடிஞ்சா என்ன நடக்கும்? குரூப் போட்டோ, சால்வை, “கண்டிப்பா மீட் பண்ணுவோம்”, அப்புறம் வாட்ஸப் குரூப்ல ஒரு மாசம் குட்மார்னிங். நேத்து ராத்திரி லாட்ஜ்ல மதுரை அக்கா அதுக்கெல்லாம் தடை போட்டுட்டாங்க. ஒரு பேப்பர் கட்டை எடுத்துக் கட்டில்ல பரப்பினாங்க. கண்ணாடியால தீராத கேஸ் எல்லாம் அதுல இருக்கு. கண்புரை, சர்க்கரையால விழித்திரை கெட்டுப் போயிருக்குமோன்னு சந்தேகம், இப்படி. ராத்திரி எதிர் லைட்டு பூப்பூவா சிதறுதுன்னு சொன்ன டிரைவர்கள். நினைச்சாலே பயமா இருக்குல்ல? இவங்க ராத்திரியிலதான் ஓட்டறாங்க.

கேம்ப்ல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்தா போதாது மக்களே. அரசு ஆஸ்பத்திரியில கண்புரை ஆபரேஷனுக்குக் காசு கிடையாது, ஆனா டிரைவருக்கு லீவு கிடையாதே! ஆபரேஷன் ஆனா கொஞ்ச வாரம் வண்டி எடுக்க முடியாது, வருமானம் நிக்கும். ஓனருக்குத் தெரிஞ்சா வண்டியை விட்டு இறக்கிருவாருன்னு பயம் வேற. அதனால சீட்டு சட்டைப் பையிலயே சலவைக்குப் போயிரும்.

அதனால பட்டியலைப் பங்கு பிரிச்சோம். எங்க கண் பாத்தோம்ங்கறதை வச்சு இல்ல, அவங்க வீடு எங்கன்னு வச்சு. கோவில்பட்டியில பாத்த ராசிபுரம் டிரைவர் நாமக்கல் அண்ணன் பொறுப்பு. சித்தூர், கோலார்காரங்க ஓசூர் தங்கச்சிக்கு. மதுரை, விருதுநகர் அக்காவுக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடி எனக்கு. எப்ப ஊருக்கு வர்றாங்கன்னு கேட்டு, அந்த நாள்ல ஆஸ்பத்திரிக்குக் கூடவே போகணும். பேப்பரைக் கேமராவுல காட்ட மாட்டேன், போன் நம்பர் எல்லாம் இருக்கு. குரூப்ல இனி குட்மார்னிங் கிடையாது, “ஆபரேஷன் ஆச்சு” மட்டும்தான் வரணுமாம். கறாரான பொம்பள!

பிரியற நேரத்துல தங்கச்சிதான் அழுதா. காலையில பெங்களூரு ரயில்ல ஏத்திவிட்டோம். அது கேரளா சுத்திக்கிட்டுத்தான் போகும், ஜன்னல் சீட்டு கிடைச்சிருச்சு. அக்கா சாயங்காலம் சென்னை ரயில்ல மதுரைக்கு. வேன் இரவல் வண்டி, நாகர்கோவில்ல உரியவர்கிட்ட ஒப்படைச்சாச்சு. நாமக்கல் அண்ணனுக்கு டிக்கெட்டே எடுக்கல. காவல்கிணறு விலக்குல அவருக்குத் தெரிஞ்ச லாரி ஒண்ணு வருதாம், அதுல ஏறிக்கிறாராம்.

இந்தா வர்றாரு பாருங்க, கையில பனங்கருப்பட்டிப் பொட்டலம். அண்ணே, கேமராவைப் பாத்து டாட்டா சொல்லுங்க... என்னது? ஓ, ஆமால்ல! திருநெல்வேலி பஸ் காவல்கிணறு வழியாத்தானே போகும். நான் நாங்குநேரிக்கு அதே பஸ்தான். அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறோம். அண்ணே, ஜன்னல் சீட்டு எனக்கு, சொல்லிட்டேன்!