திருமணம் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபை எப்படி முடிவு செய்கிறது? மனு எழுதும் முன் தெரிய வேண்டியவை

[திரையில்: திருமணச் சான்றிதழ், பக்கத்தில் அரசு நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பு]

அரசு நீதிமன்றத்தில் விவாகரத்து கிடைத்துவிட்டது. சில வருடங்கள் கழித்து இன்னொருவரை ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ள நினைத்துப் பங்குத்தந்தையைப் பார்க்கப் போகிறீர்கள். அவர், "முதலில் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள்" என்கிறார். அதாவது, முதல் திருமணம் செல்லாது என்று அறிவிக்கும்படி, மறைமாவட்டத் தலைவரான ஆயரின் கீழ் இயங்கும் திருச்சபை நீதிமன்றத்தில் கேட்கச் சொல்கிறார். வழக்கு, வாய்தா, வக்கீல் என்று எல்லாம் பார்த்துச் சோர்ந்துபோன ஒருவருக்கு, இதைக் கேட்டதும் அழுகைதான் வரும். அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். விவாகரத்து ஆன ஒரே காரணத்தால் நீங்கள் திருச்சபைக்கு வெளியே தள்ளப்படுவதில்லை. மறுமணம் செய்யாமல் இருக்கும் விவாகரத்தானவர், மற்ற எல்லாரையும் போலவே நற்கருணை வாங்கலாம். இது தெரியாமல் வருடக்கணக்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அப்படி ஒதுங்கி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, மனு எதற்கு? கத்தோலிக்கப் போதனைப்படி, முறையாக நடந்து, தாம்பத்திய உறவால் முழுமையடைந்த அருளடையாளத் திருமணத்தை, அதாவது திருமுழுக்குப் பெற்ற இருவரின் திருமணத்தை, எந்த மனித அதிகாரமும் பிரிக்க முடியாது. அரசு கொடுக்கும் விவாகரத்து சட்டரீதியாகச் செல்லும்; ஆனால் திருச்சபையின் பார்வையில் அந்தப் பிணைப்பு இன்னும் இருப்பதாகவே கருதப்படும். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1060-ஆம் விதி, சந்தேகம் வந்தால் திருமணம் செல்லும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. செல்லாது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

[திரையில்: "அன்று, அந்தச் சம்மதம் எப்படி இருந்தது?"]

இங்கேதான் பெரும்பாலானோர் தடம் மாறுகிறார்கள். "அவர் குடித்தார், அடித்தார், வேறு ஒருவரோடு போய்விட்டார்" என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த வலி உண்மை. ஆனால் தீர்ப்பாயம் கேட்கும் கேள்வி வேறு. திருமணம் ஏன் முறிந்தது என்பதை அது விசாரிப்பதில்லை. பீடத்தின் முன் நின்று நீங்கள் இருவரும் சம்மதம் சொன்ன அந்த வேளையில், திருமணம் உருவாகத் தேவையானவை எல்லாம் இருந்தனவா என்றுதான் பார்க்கும். 1057-ஆம் விதிப்படி திருமணத்தை உருவாக்குவது இருவரின் சம்மதம். அந்தச் சம்மதத்தில் தீவிரக் குறை இருந்தால், வெளியே எவ்வளவு சிறப்பாகக் கொண்டாடியிருந்தாலும் உள்ளே திருமணம் உருவாகவில்லை. அதனால்தான் இதைக் கத்தோலிக்க விவாகரத்து என்று சொல்வது தவறு.

அப்படியானால் பின்னால் நடந்தவை எல்லாம் வீணா? இல்லை. அவை தடயமாகப் பயன்படலாம். கல்யாணமாகி பத்து வருடம் கழித்து ஒருவர் துரோகம் செய்தார் என்றால், அது மட்டும் போதாது. ஆனால் திருமணத்துக்கு முன்பே இன்னொரு உறவு இருந்து, அதை விடும் எண்ணமே இல்லாமல் சம்மதம் சொன்னார், பிறகும் தொடர்ந்தார் என்றால் கதை வேறு. அவர் உண்மையாக இருக்கும் கடமையையே அன்று மனதுக்குள் விலக்கி வைத்திருந்தார் என்று வாதிட வழி இருக்கிறது.

[திரையில்: விதிகள் 1095, 1098, 1101, 1103]

அதிகம் பேசப்படும் காரணங்களைப் பார்ப்போம். 1101-ஆம் விதி இப்போது சொன்ன வகை: வாயால் சம்மதம் சொல்லி, உள்ளத்தில் திருமணத்தையோ, குழந்தைகளையோ, உண்மையாக இருப்பதையோ, வாழ்நாள் பிணைப்பையோ விலக்குவது. 1103 என்பது வற்புறுத்தலும் கடும் பயமும். கர்ப்பமாகிவிட்டாள் என்பதற்காகக் குடும்பம் மிரட்டித் தாலி கட்டவைத்தால், தப்பிக்கத் திருமணத்தைத் தவிர வேறு வழியே இல்லாத நிலை இருந்திருந்தால், அது இதில் வரும். 1098 ஏமாற்று. சம்மதம் வாங்குவதற்காகவே ஒரு முக்கியமான விஷயத்தை வேண்டுமென்று மறைப்பது; அந்த விஷயம் இயல்பாகவே இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு நோய், ஒரு போதைப் பழக்கம், குழந்தை பெற முடியாது என்ற உண்மை இப்படி மறைக்கப்படலாம். குழந்தையின்மை தன்னளவில் திருமணத்தைச் செல்லாததாக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு 1095. அன்றாடம் தீர்ப்பாயங்கள் பார்க்கும் பல வழக்குகள் இதன் கீழ்தான் வருகின்றன. போதிய அறிவுத்தெளிவு இல்லாமை, திருமணத்தின் உரிமை கடமைகளை எடைபோட்டுத் தீர்மானிக்கும் பக்குவத்தில் பெருங்குறை, மனரீதியான காரணத்தால் அந்தக் கடமைகளை ஏற்று நடக்கவே இயலாமை என்று மூன்று நிலைகளை அது சொல்கிறது. சாதாரண முதிர்ச்சியின்மை, "எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை" போன்றவை இதில் வராது. குறை தீவிரமாக இருக்க வேண்டும். இந்த வழக்குகளில் தீர்ப்பாயம் பொதுவாக ஒரு மனநல நிபுணரின் கருத்தையும் கேட்கும்.

கத்தோலிக்கர் ஒருவர் உரிய அனுமதி இல்லாமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் திருமணம் செய்திருந்தால், இவ்வளவு நீண்ட விசாரணை தேவையில்லை. ஆவணங்களைக் கொண்டே முடிந்துவிடும். ஆனால், கத்தோலிக்கர் அல்லாத இருவரின் திருமணத்தையும் திருச்சபை செல்லும் என்றே கருதுகிறது. எனவே விவாகரத்தான கத்தோலிக்கர் அல்லாத ஒருவர் ஒரு கத்தோலிக்கரை மணக்க விரும்பினால், அவருடைய முதல் திருமணமும் இந்த விசாரணைக்கு வர வேண்டியிருக்கும். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.

[திரையில்: இரண்டு வழக்கறிஞர்கள், இரண்டு வேலைகள்]

இப்போது சட்ட உதவி. உங்கள் விவாகரத்தை நடத்திய வக்கீல் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்தத் தகுதி மட்டும் வைத்துத் தீர்ப்பாயத்தில் உங்களுக்காக வாதாட முடியாது. அங்கே வழக்காடுபவர் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவராகவோ உண்மையான வல்லுநராகவோ இருந்து, ஆயரின் ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களின் பட்டியலைத் தீர்ப்பாய அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் வாழ்க்கைக் கதையில் எந்த விதி பொருந்தும் என்று கண்டுபிடித்துத் தருவதுதான் அவருடைய முதல் உதவி. இதை நீங்களே ஊகித்து எழுதினால், பொருந்தாத காரணத்தில் மாட்டிக்கொண்டு நல்ல வழக்கே தோற்கலாம்.

அதற்காக, விவாகரத்தை நடத்திய அந்த வக்கீலை விட்டுவிடவும் வேண்டாம். சொத்து, ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு எல்லாம் அரசு நீதிமன்றத்தின் கையில். பல நாடுகளில் திருச்சபைத் தீர்ப்புக்கு அரசுச் சட்டத்தில் எந்த விளைவும் கிடையாது. இத்தாலி போன்ற சில நாடுகளில் மட்டும், அரசு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டால் சட்டப் பலன் உண்டு. உங்கள் நாட்டில் எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலமும் தீர்ப்பாயத்தில் சொல்வதும் முரண்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தீர்ப்பாயம் உறவு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதால், பல இடங்களில் விவாகரத்துத் தீர்ப்பை முதலிலேயே கேட்பார்கள்.

மனுவை எங்கே போடுவது? திருமணம் நடந்த இடம், உங்களில் யாராவது ஒருவர் வசிக்கும் இடம், பெரும்பாலான ஆதாரங்கள் கிடைக்கும் இடம்: இவற்றில் எந்தத் தீர்ப்பாயத்திலும் போடலாம். அதற்குப் பிறகு எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போகும். இதைத் தவிர்க்க முடியாது. தன் தரப்பைச் சொல்லும் உரிமை மறுக்கப்பட்டால் தீர்ப்பே செல்லாமல் போய்விடும். ஆனால் ஒருவர் பதில் சொல்லாவிட்டாலும் வழக்கு நிற்காது. அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேசவும் வேண்டியதில்லை, ஒருவரின் விசாரணையில் மற்றவர் இருக்க முடியாது. வன்முறையிலிருந்து தப்பி வந்திருந்தால், முகவரி வெளியே போகக்கூடாது என்பதை முதல் நாளே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, சண்டையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரைவிட, திருமணத்துக்கு முன் உங்கள் இருவரையும் அறிந்தவர்கள்தான் பயன்படுவார்கள். கூடப்பிறந்தவர்கள், பழைய நண்பர்கள், அன்று உங்களோடு பேசிய குரு. "கல்யாணத்துக்கு முந்தின இரவு அவள் அழுதுகொண்டே வேண்டாம் என்றாள்" என்று ஒருவர் சொல்வது, அதற்குப் பிந்தைய நூறு சண்டைகளைவிடக் கனமானது. அந்தக் காலத்துக் கடிதங்கள், மருத்துவப் பதிவுகள் இருந்தால் எடுத்து வையுங்கள். சாட்சிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

வழக்கில் திருமணப் பிணைப்பைக் காப்பவர் என்று ஒருவர் இருப்பார். திருமணம் செல்லும் என்பதற்கு நியாயமாகச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவைப்பது அவர் கடமை. அவர் உங்கள் எதிரி இல்லை. அவர் இருப்பதால்தான் கடைசியில் வரும் தீர்ப்பை நம்பி நீங்கள் நிம்மதியாக வாழ முடிகிறது.

[திரையில்: 2015]

முன்பெல்லாம் ஒரே முடிவை இரண்டு தீர்ப்பாயங்கள் சொன்னால்தான் மறுமணம் செய்ய முடியும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சீர்திருத்தம் அதை நீக்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 8 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் முதல் தீர்ப்பே போதும். இருவரும் சம்மதித்து, காரணமும் வெளிப்படையாகத் தெரிந்தால், ஆயரே நேரடியாகத் தீர்ப்பளிக்கும் சுருக்கமான வழியும் வந்தது. வழக்கமான விசாரணை முதல் கட்டத்தில் ஓராண்டைத் தாண்டக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் சாட்சிகள் தாமதித்தால் நீளும். முடிந்தவரை கட்டணமில்லாமல் நடக்க வேண்டும் என்பதும் அந்தச் சீர்திருத்தத்தின் விருப்பம். கையில் காசில்லை என்று மனுவையே கைவிடாதீர்கள், சலுகை கேளுங்கள்.

குழந்தைகளைப் பற்றிய கவலைதான் தாய்மாரை அதிகம் அலைக்கழிக்கிறது. "செல்லாது என்று தீர்ப்பு வந்தால், என் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களா?" இல்லவே இல்லை. 1137-ஆம் விதி, நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் முறையான பிள்ளைகளே என்கிறது. அவர்களை வளர்க்கும் கடமையும் இருவருக்கும் அப்படியே தொடரும்.

தீர்ப்பு உங்களுக்கு எதிராகவும் வரலாம். அப்போது பதினைந்து நாட்களுக்குள் மேல்முறையீட்டை அறிவிக்க வேண்டும். அல்லது வேறொரு காரணத்தில் புதிய மனு போட முடியுமா என்று உங்கள் வழக்காடுபவரோடு பேசுங்கள். சாதகமாக வந்தாலும், அதில் இன்னொரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்: குறிப்பிட்ட குறை சரியாகும்வரை ஆயரின் அனுமதி இல்லாமல் மறுமணம் கூடாது என்ற தடை சில தீர்ப்புகளில் சேர்ந்தே வரும். அதனால் தீர்ப்பு உறுதியாகி, திருமண, திருமுழுக்குப் பதிவேடுகளில் குறிக்கப்படும்வரை, புதிய திருமணத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணமும் கட்ட வேண்டாம்.