எத்தனை ரேக் போடலாம் என்று கேட்டவருக்கு

வணக்கம். பின்னால் பீப் பீப் என்று கேட்பது ஃபோர்க்லிஃப்ட், அதாவது சரக்கு தூக்கும் வண்டி, ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். ஒரகடம் பக்கம் ஒரு குடோன் வாசலில் நிற்கிறேன். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் இன்றைக்கு என் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

போன வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "10,000 சதுர அடி ஷெட் எடுத்திருக்கிறேன், சரக்கு அடுக்க எத்தனை ரேக் போடலாம்?" இதே கேள்வியை முதலில் கேட்டுத்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

நான் தனியாகப் போட்ட முதல் லேஅவுட் அது. வரிசைக்கு வரிசை 2.8 மீட்டர் வழி விட்டு, எவ்வளவு ரேக் திணிக்க முடியுமோ அவ்வளவும் திணித்தேன். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். போல்ட் அடித்து நிறுத்தியாயிற்று. அப்புறம் வண்டி வந்தது. பின்பக்கம் எடை வைத்த சாதாரண ஃபோர்க்லிஃப்ட். நேராக உள்ளே போனது, பேலட்டோடு, அதாவது சரக்கு அடுக்கிய பலகைத் தட்டோடு, திரும்ப முடியவில்லை! அந்த வண்டி திரும்ப மூன்றரை, நான்கு மீட்டர் வேண்டும். 2.8 மீட்டர் என்பது குறுகலான வழியில் ஓடும் ரீச் டிரக்குக்கான கணக்கு. அதன் விலையும் அதிகம், தரையும் நல்ல மட்டமாக இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு வரிசையைக் கழற்றினோம். போல்ட் பிடுங்கிய ஓட்டைகள் இன்னும் அந்தத் தரையில் இருக்கும்.

சரி, வண்டி திரும்பிவிட்டது. ஆள் நடப்பதை யார் கணக்குப் பார்ப்பது?

இந்த நடை நீண்டதற்கு ஒரு கதை உண்டு. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வருவதற்கு முன், வேறு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி விழும். அதைத் தவிர்க்கவே கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தன. தன் சரக்கைத் தன் குடோனுக்கே அனுப்பினால் அந்த வரி இல்லை. ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போயிற்று. பலர் நான்கைந்து சின்ன குடோன்களை மூடிவிட்டு ஒரே பெரிய ஷெட்டுக்கு மாறினார்கள். வாடகை ஒரே இடத்தில், ஸ்டாக் ஒரே இடத்தில், எல்லாம் நல்லதுதான். ஆனால் ஷெட் நீள நீள, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி எடுப்பவரின் நடையும் நீண்டது.

கணக்குப் போடுவோம். ஒரு சரக்கு டாக்கிலிருந்து, அதாவது லாரி வந்து நின்று ஏற்றி இறக்கும் இடத்திலிருந்து, 60 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதை 10 மீட்டருக்குக் கொண்டுவந்தால் போக வர 100 மீட்டர் மிச்சம். நாளைக்கு 80 தடவை எடுத்தால் 8 கிலோமீட்டர். ஒரே ஒரு சரக்குக்கு!

அப்படியானால் எதை முன்னால் வைப்பது? "அதிகமாக விற்பதை" என்பார்கள். பாதிதான் சரி. உப்பு மூட்டை ஆயிரம் போகும், ஆனால் இரண்டு லாரியில் பேலட் பேலட்டாகப் போய்விடும். ஷாம்பு சாஷே பெட்டி நூறுதான் போகும், ஆனால் 80 பில்லில் ஒன்றும் இரண்டுமாக. நடக்க வைப்பது சாஷேதான். அதனால் மூட்டைக் கணக்கை விடுங்கள், எத்தனை பில்லில் அந்தப் பெயர் வருகிறது என்று மூன்று மாதத்துக்கு எண்ணுங்கள். மேலே வருவதை டாக்குக்குப் பக்கத்தில், முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடைக்காதீர்கள், அங்கே தி.நகர் கூட்டம் சேர்ந்துவிடும். தீபாவளிக்கு முன் ஒரு தடவை திரும்ப எண்ணுங்கள், வரிசை மாறியிருக்கும்.

கேள்வி கேட்ட நண்பரே, எந்த வண்டி வாங்கப்போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். மூன்று மாத பில்லையும் எடுத்து வையுங்கள். அதுவரை ரேக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.