நள்ளிரவு அழைப்பும் நாலரை மணி ஓட்டமும்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாரத்தான் ஓடுபவர்களின் அன்றாடத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். இவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மன உறுதி, வைராக்கியம் ஆகிய சொற்களே முதலில் வந்து நிற்கின்றன. வைராக்கியம் வேண்டியதுதான். ஆனால் பழைய மாமல்லபுரம் சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, அதே ஆண்டுகளில் 42.195 கிலோமீட்டர் ஓட்டங்களுக்குப் பயிற்சியும் செய்துவந்தவள் என்ற முறையில், எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது உறக்கம் ஒன்றுதான் என்று உங்களிடம் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த உறக்கத்தின் அளவை ஓடுபவரைக் காட்டிலும் அவருடைய வேலையின் நேர அட்டவணையே முடிவு செய்கிறது. இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

ஓட்டப் பயிற்சியில் உறக்கத்துக்கு இத்தனை இடம் ஏன் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். எங்களைப் போன்ற அமெச்சூர் ஓட்டக்காரர்கள் பொதுவாகப் பதினாறு அல்லது பதினெட்டு வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றைப் பின்பற்றுவோம். வாரநாட்களில் குறுகிய ஓட்டங்களும், வார இறுதியில் ‘லாங் ரன்’ என்று நாங்கள் சொல்லும் நீண்ட ஓட்டமும் அதில் இருக்கும். அந்த நீண்ட ஓட்டம் வாரத்துக்கு வாரம் வளர்ந்து முப்பது, முப்பத்திரண்டு கிலோமீட்டர் வரை போகும். இந்த ஓட்டங்களால் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவழித்துக் கொழுப்பை எரிக்க உடல் பழகுகிறது. கிளைகோஜன் என்ற வடிவில் நாம் சேமித்து வைக்கும் சர்க்கரை ஏறக்குறைய முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் தீர்ந்துபோகக் கூடியது என்பதால், இந்தப் பழக்கம் இல்லாதவர் கடைசிப் பத்து கிலோமீட்டரில் நின்றுவிட நேரும். இத்தனை மாற்றங்களும் ஓடும்போது தூண்டப்படுகின்றனவே தவிர, அவை நிறைவேறுவது ஓட்டத்துக்குப் பிந்தைய ஓய்வில். திசுக்களைச் சீர்படுத்தும் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பது இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். ஆகவே உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறவர் உழைப்பைப் போட்டுவிட்டு அதன் பலனை விட்டுவிடுகிறார்.

இனி எங்கள் வேலைக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் உள்ள வாடிக்கையாளர் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தால், அவர்களுடைய கோடைக்கால நேரப்படி நமக்கு அது இரவு ஒன்பதரை. நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று அமெரிக்காவில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னோக்கி வைப்பார்கள். மறுநாளிலிருந்து அதே கூட்டம் நமக்கு இரவு பத்தரைக்கு மாறிவிடும். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு வரை இந்த நிலை நீடிக்கும். சென்னை ரன்னர்ஸ் அமைப்பு 2012 முதல் நடத்திவரும் சென்னை மாரத்தான் பெரும்பாலும் ஜனவரியில், விடிவதற்கு வெகு முன்னால், நேப்பியர் பாலத்தருகே தொடங்கும். ஜனவரி ஓட்டத்துக்கான மிகக் கடினமான பயிற்சி வாரங்கள் நவம்பரிலும் டிசம்பரின் முற்பகுதியிலும் வருகின்றன. அதாவது, உடலுக்கு உறக்கம் மிக அதிகமாகத் தேவைப்படும் அதே வாரங்களில், கடல் கடந்த ஒரு நாட்டின் கடிகார ஏற்பாடு எங்களிடமிருந்து இரவுதோறும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையும் அந்த வாரங்களில்தான் கொட்டுகிறது. மழையில் கூட ஓடிவிடலாம். உறங்காமல் ஓடுவது அதைவிடக் கடினம் என்பதை என்னுடன் ஓடுபவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஒரு புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்தரைக்குத் தொடங்கிய கூட்டம் பதினொன்றரைக்கு முடிகிறது. கூட்டத்தில் எழுந்த ஒரு பிழையைப் பார்த்துவிட்டுப் படுப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிடுகிறது. மறுநாள் பதினைந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆறரைக்குச் சூரியன் எழுந்து, ஏழரைக்கு மேல் சாலை வாகனங்களால் நிரம்பிவிடும் நகரத்தில், நாலரை அல்லது ஐந்து மணிக்குள் கிளம்பினால்தான் ஓடி முடிக்க முடியும். மீதியிருக்கும் உறக்கம் நான்கு மணி நேரம். காலை பத்தரைக்கு அலுவலகத்தில் ‘ஸ்டாண்ட்-அப்’ என்ற அன்றாடக் குறுங்கூட்டம் காத்திருக்கும். மதியம் உணவுக்குப் பின் எழுதும் நிரலில் இந்தக் கணக்கு தெரியத் தொடங்கும்: எளிய நிபந்தனை ஒன்றில் தவறு விழும், சக ஊழியரின் நிரலைச் சரிபார்க்கும்போது கவனம் நழுவும்.

வார இறுதி எங்களுக்குச் சொந்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. சனிக்கிழமை இரவில் அமெரிக்கக் கூட்டங்கள் இருப்பதில்லை என்பது உண்மைதான். எங்கள் நீண்ட ஓட்டம் பெரும்பாலும் ஞாயிறு காலைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் புதிய மென்பொருள் பதிப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் ‘டெப்லாய்மென்ட்’ வேலையைப் பயனர்கள் மிகக் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் செய்வார்கள். வங்கி, காப்பீடு போன்ற துறைகளில் அந்த நேரம் அடிக்கடி சனிக்கிழமை இரவாக அமைந்துவிடுகிறது. முப்பத்திரண்டு கிலோமீட்டரை கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்ற வேகத்தில் ஓடினால் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். விடிய விடியத் திரையின் முன் உட்கார்ந்திருந்துவிட்டு அந்த ஓட்டத்துக்குக் கிளம்புவது உடலுக்குச் செய்யும் கொடுமை. அதைச் சாதனையாகப் புகழ்ந்து சமூக ஊடகத்தில் பதிவிடும் வழக்கத்தை நான் எதிர்க்கிறேன்.

பெண்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இரவு நேரம் வரை அலுவலகத்தில் இருக்கும் பெண் ஊழியரை நிறுவன வண்டியில், பல இடங்களில் பாதுகாவலர் ஒருவரோடு, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுகிறார்கள். நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதே பெண் நான்கைந்து மணி நேரம் கழித்து, அதே தெருவில், ஓட்டக் காலணியோடு இறங்கும்போது அவளுக்குத் துணை யாரும் இல்லை. விளக்கு எரியாத தெருமுனை, கூட்டமாகத் திரியும் நாய்கள், வேகத்தைக் குறைத்துக் கூடவே வரும் இருசக்கர வண்டி ஆகிய எல்லாவற்றையும் கணக்கிட்டுத்தான் அவள் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தனக்கு வசதியான நேரத்தில் ஓட முடியாமல், குழுவினர் சேரும் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. பெசன்ட் நகர், அடையாறு, வேளச்சேரி என்று பகுதிவாரியாக ஓட்டக் குழுக்கள் இருப்பதால்தான் என் போன்றவர்களால் இருட்டில் ஓட முடிகிறது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் சேர்க்கப்பட்டதே 1984இல், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில்தான்; அதில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் முதலாவதாக வந்தார். பெண்ணின் உடல் இந்தத் தொலைவைத் தாங்காது என்ற வாதம் அதோடு ஓய்ந்தது. தெருவின் தடை இன்னும் ஓயவில்லை.

ஓடுகிறோமே, பகலெல்லாம் உட்கார்ந்திருந்தால் என்ன என்று கேட்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைப்பதோடு, நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதைக் குறைக்கும்படியும் தனியாகச் சொல்கிறது. மாரத்தான் பயிற்சியில் இருப்பவர் முதல் அளவை எளிதில் தாண்டிவிடுவார். இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். காலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய இடுப்புத் தசைகள் அடுத்த எட்டு மணி நேரம் நாற்காலியில் மடங்கிக் கிடந்தால், மாலையில் எழும்போதே அவற்றின் இறுக்கம் தெரியும். எனவே தொலைபேசியில் பேச வேண்டிய கூட்டங்களை நடந்துகொண்டே பேசுவது, மாடிக்குப் படியேறிப் போவது போன்ற சிறிய பழக்கங்களைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

வேலை நேரம் எப்படி அமைகிறது என்பது ஒருவரின் ஓட்டத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஜப்பானின் யூகி கவாவுச்சியை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் எங்கள் துறையைச் சேர்ந்தவர் அல்லர். சைதாமா மாகாணத்தில் அரசுப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் முழுநேர ஊழியராக இருந்தவர். 2018 ஏப்ரலில், குளிர் மழையும் எதிர்க்காற்றும் வாட்டிய பாஸ்டன் மாரத்தானில், தொழில்முறை ஓட்டக்காரர்கள் பலரைப் பின்னுக்குத் தள்ளி 2 மணி 15 நிமிடம் 58 விநாடிகளில் வென்றார். அவருடைய அலுவல் நேரம் மதியத்தில் தொடங்கி இரவில் முடிந்தது. நாளுக்கு ஒரு முறைதான் பயிற்சி. அதைக் காலையில் முடித்துக்கொண்டு வேலைக்குப் போவார். அவருடைய திறமை அபூர்வமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மதியம் தொடங்கும் அந்த வேலை நேரமும், நாளுக்கு நாள் மாறாத அதன் ஒழுங்கும் அவருக்குக் கிடைத்திருக்காவிட்டால், அதே திறமை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரவு வேலை தாமதமாகவும் முடியலாம். அது எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் உடல் அதற்கு இசைந்துகொள்ளும்.

எங்கள் துறையின் மூதாதையர் ஒருவரே மாரத்தான் ஓடியவர் என்பதை இங்கே பெருமையோடு நினைவுகூர வேண்டும். கணினி அறிவியலுக்கு அடித்தளமிட்ட ஆலன் டூரிங், போருக்குப் பின் இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, ‘ஏஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தார். வடிவமைப்பு தாளில் தயாராகியும், இயந்திரத்தைக் கட்டும் பணி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதன் முன்மாதிரி இயங்கத் தொடங்கியது 1950இல், அவர் ஆய்வகத்தை விட்டுப் போன பிறகு. அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் அவர் வால்டன் தடகளக் கழகத்தில் சேர்ந்து தீவிரமாக ஓடினார். 1947 ஆகஸ்டில் லஃப்பரோவில் நடந்த மாரத்தானை 2 மணி 46 நிமிடம் 3 விநாடிகளில் முடித்து ஐந்தாவதாக வந்தார். மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அர்ஜென்டினாவின் டெல்ஃபோ கப்ரேராவுக்கும் டூரிங்கின் இந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி சுமார் 11 நிமிடம் மட்டுமே. வேலையின் அழுத்தத்தை மனத்திலிருந்து அகற்றத் தனக்குத் தெரிந்த ஒரே வழி கடுமையாக ஓடுவதுதான் என்று அவர் கழகத் தோழர் ஒருவரிடம் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது.

அந்த அழுத்தம் எப்படிப்பட்டது என்று எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாதி தீர்ந்த சிக்கல் ஒன்று உணவு மேசையிலும் படுக்கையிலும் கூடவே வரும். ஓட்டத்தின் முதல் அரை மணி நேரம் அது மனத்தில் சுழன்றுகொண்டிருக்கும். மூச்சும் அடிகளும் ஓர் ஒழுங்குக்கு வந்ததும் மெல்ல விலகிவிடும். சில நாட்களில், திரும்பி வரும் வழியில், தேடாமலே விடை கிடைத்ததும் உண்டு. ஆனால் இந்தப் பலன் உறங்கி எழுந்த நாட்களில்தான் கிடைக்கிறது. உறங்காத நாட்களில் ஓட்டமும் தீர்க்க வேண்டிய இன்னொரு வேலையாகிவிடுகிறது.

சென்னையின் புழுக்கத்தைப் பற்றியும், அதில் குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் தவிர்க்க முடியாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகிறது. உடல் குளிர்வதில்லை, உப்பு மட்டும் இழப்பாகிறது. நா வறட்சிக்குப் பயந்து வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு ஆபத்தாகக் குறையும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இந்தக் குறைவு இருந்தது. அதிலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமே அது அதிகம். எங்களில் பெரும்பாலோர் அப்படி மெதுவாக ஓடுபவர்கள்தான். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் ஆகியவற்றையும் பழக்கிக்கொள்ளுங்கள். உறக்கம் கெட்ட நாளின் சோர்வையும் இந்த உப்புக் குறைவின் சோர்வையும் ஒருவர் தானே பிரித்தறிவது எளிதன்று. அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் சேரவிடக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

கைக்கடிகாரங்கள் இன்று நாடித் துடிப்பையும் வேகத்தையும் மட்டுமின்றி உறக்கத்தையும் எண்களாகத் தருகின்றன. எண்களோடு வாழும் எங்களுக்கு அவை பிடிக்கும். ஆனால் நேற்றிரவு நான்கு மணி நேரமே உறங்கினீர்கள் என்று கடிகாரம் சொல்வதால் இன்றிரவுக் கூட்டம் தள்ளிப்போவதில்லை. அதை மாற்றும் அதிகாரம் கூட்டத்துக்கு நேரம் குறிப்பவர்களிடம் இருக்கிறது.

அவர்களில் சிலர் இந்த அவையிலும் இருப்பீர்கள் என்பதால் நேரடியாகவே கேட்கிறேன். நவம்பர் முதல் ஞாயிறு வருவதற்கு முன்பே உங்கள் குழுவின் இரவுக் கூட்டங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் இருப்பவர் காலை ஏழு மணிக்கு வரச் சம்மதித்தால் குளிர்காலத்திலும் நமக்கு அது இரவு எட்டரைதான். அவர் சம்மதிக்காவிட்டால், எல்லாரும் எல்லா இரவும் விழித்திருக்காமல், வாரத்துக்கு இருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் மறுநாள் குறிப்பைப் படித்துக்கொள்வார்கள். டெப்லாய்மென்ட் இரவுகளை மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டால், ஓடுபவர் தன் நீண்ட ஓட்டத்தை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வார். மறுநாள் காலை ஓய்வும் தரப்படுமானால் ஓடாதவர்களுக்கும் அது உதவும். ஏனெனில் கைக்குழந்தையை வைத்திருப்பவரும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவரும், மாலை வகுப்பில் மேற்படிப்புப் படிப்பவரும் இதே அட்டவணையின் கீழ்தான் வேலை பார்க்கிறார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்து பார்க்க விரும்பும் குழுத் தலைவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எங்கள் குழுவில் முறை வைத்துப் போட்ட அட்டவணையைக் காட்டுகிறேன்.