தொகுதியின் எல்லையை வேட்பாளரே வரையலாகாது

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"அமெரிக்கக் காங்கிரஸின் தொகுதி எல்லைகளை வரையும் உரிமை மாநிலச் சட்டமன்றங்களுக்கு உரியதா, சார்பற்ற ஆணையங்களுக்கு உரியதா?" என்பது இன்றைய தலைப்பு. ஆணையங்களுக்கே உரியது என்று வாதிட எங்கள் அணி வந்திருக்கிறது. எதிரணித் தலைவர் சற்று முன்னர் மூன்று வாதங்களை வைத்தார். அரசியல் சாசனம் இந்த உரிமையைச் சட்டமன்றத்தின் கையில்தான் கொடுத்திருக்கிறது என்றார். தவறு செய்யும் சட்டமன்ற உறுப்பினரை மக்கள் அடுத்த தேர்தலில் தண்டிக்கலாம், ஆணைய உறுப்பினரைத் தண்டிப்பது யார் என்று கேட்டார். ஆணையத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்பட்ட கலிபோர்னியாவே 2025ல் தன் ஆணையத்தின் வரைபடத்தை ஒதுக்கிவைத்துவிட்டதே என்றும் கேட்டார். அவருடைய இரண்டாவது வாதத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன.

அதற்கு முன் ஒரு விளக்கம். தொகுதி மறுவரையறை என்றதும், எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று இந்தியாவில் நடக்கும் விவாதம் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தக் கேள்வி பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தவுடன் ஒரு கணிதச் சூத்திரத்தின்படி தீர்ந்துவிடுகிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவை பிரதிநிதிகள் சபை; அதன் 435 இடங்கள் அப்படித்தான் பங்கிடப்படுகின்றன. ஒரு மாநிலத்தின் தொகுதிகளில் ஏறத்தாழ ஒரே அளவு மக்கள் இருக்க வேண்டும் என்று 1964ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. எனவே எண்ணிக்கையில் செய்ய முடியாத சூழ்ச்சியைக் கோட்டின் வளைவில் செய்கிறார்கள்.

அதைச் செய்யும் விதத்தை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். ஒரு மாநிலத்தில் 500 வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு 260 ஆதரவாளர்கள், மற்றதற்கு 240 பேர். வரைகோல் சிறிய கட்சியின் கையில் இருந்தால், பெரிய கட்சியின் 90 ஆதரவாளர்களைத் தன்னுடைய 10 பேருடன் சேர்த்து ஒரே தொகுதிக்குள் குவித்துவிடும். மீதமுள்ள 400 பேரில் அதற்கு 230 பேரும், பெரிய கட்சிக்கு 170 பேரும் இருப்பார்கள். இவர்களை நான்கு தொகுதிகளுக்கும் சமமாகப் பிரித்துவிட்டால், சிறுபான்மை ஆதரவுள்ள கட்சி ஐந்தில் நான்கு இடங்களை வென்றுவிடும். கள்ள வாக்கு ஒன்றுகூட விழவில்லை; வாக்குச்சீட்டு ஒன்றுகூடத் தொலையவில்லை. இன்றைய கணினிகள் இதைத் தெருத் தெருவாகச் செய்து தருகின்றன.

இப்போது எதிரணித் தலைவர் சொன்ன தண்டனைக்கு வருகிறேன். விஸ்கான்சின் மாநிலத்தில் 2018 நவம்பரில் வாக்காளர்கள் ஆளுநர் பதவி உட்பட அன்று மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்த பதவிகள் அனைத்தையும் ஜனநாயகக் கட்சிக்குக் கொடுத்தார்கள். அதே நாளில், அதே வாக்காளர்கள் வாக்களித்த மாநிலக் கீழவையில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை 99ல் 36 இடங்கள். காங்கிரஸ் தொகுதிகளை மட்டுமல்லாமல், தன்னுடைய தொகுதிகளையும் தானே வரைந்துகொள்ளும் அவை அது. பென்சில்வேனியாவில் 2012ல் காங்கிரஸ் தேர்தலில் பாதிக்குச் சற்று மேலான வாக்குகளைப் பெற்ற ஜனநாயகக் கட்சிக்கு 18ல் 5 இடங்களே கிடைத்தன. 2018ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரைபடத்தைத் திருத்திய பிறகு நடந்த தேர்தலில் இடங்கள் 9க்கு 9 என்று ஆயின. வாக்காளர் தண்டிக்க நினைத்தால் தண்டிக்கலாம் என்கிறார் நண்பர். அந்தத் தண்டனை தன்னிடம் வந்து சேராதபடி வேலி போடும் அதிகாரத்தையும் தண்டிக்கப்பட வேண்டியவரிடமே கொடுத்துவிட்டு இப்படிப் பேசுவது எப்படி நியாயமாகும்? பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு வந்தால் நிலத்தை அளக்கச் சர்வேயரைத்தான் அழைப்போம். பங்காளிகளில் ஒருவரிடமே அளவுச் சங்கிலியைக் கொடுக்க மாட்டோம்.

இது ஒரு கட்சியின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. 2019ல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரே நேரத்தில் இரண்டு வழக்குகள் வந்தன. வட கரோலினாவின் வரைபடத்தை வரைந்தது குடியரசுக் கட்சி. மேரிலாண்டின் வரைபடத்தை வரைந்தது ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 3 என்று வரையச் சொல்வதற்குக் காரணம், 11க்கு 2 என்று வரைய முடியாது என்பதுதான் என வட கரோலினாவில் வரைபடப் பொறுப்பை ஏற்றிருந்த உறுப்பினர் சட்டமன்றக் குழுவிலேயே சொன்னார். மேரிலாண்டின் முன்னாள் ஆளுநரோ, ஒரு தொகுதியைத் தம் கட்சிக்குச் சாதகமாக மாற்றுவதும் நோக்கங்களில் ஒன்று என்று சத்தியப் பிரமாணத்தின்மேல் ஒப்புக்கொண்டார். இருவரும் மறைக்கவில்லை, ஏனெனில் மறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கட்சி நோக்கில் வரையும் வரைபடங்களை விசாரிக்கும் அதிகாரம் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இல்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸும், அளவு மீறிய கட்சிச் சார்பு நியாயமற்ற விளைவுகளைத் தருகிறது என்பதை மறுக்கவில்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவு அன்று மூடப்பட்டது. 2025ல் நாம் கண்டதெல்லாம் அதன் பின்விளைவு.

நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் வட கரோலினாவின் கதையை இன்னும் கொஞ்சம் பாருங்கள். 2022ல் மாநில நீதிமன்ற மேற்பார்வையில் உருவான வரைபடத்தின்படி தேர்தல் நடந்தபோது அங்கே 14 இடங்களும் 7க்கு 7 என்று பிரிந்தன. மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை மாறியது. கட்சி நோக்கில் எல்லை வரையக்கூடாது என்ற தன் பழைய தீர்ப்பை அந்த நீதிமன்றமே திரும்பப் பெற்றது. சட்டமன்றம் புதிய வரைபடம் போட்டது. 2024ல் முடிவு 10க்கு 4. அதே 2024ல் அம்மாநில மக்கள் அதிபர் பதவிக்கு டிரம்பையும் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைனையும் தேர்ந்தெடுத்தார்கள். இரு பக்கமும் நிதானித்து வாக்களிக்கத் தெரிந்த மக்கள் அவர்கள். 2025 அக்டோபரில் பதினோராவது இடத்துக்காக எல்லை மீண்டும் மாற்றப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அந்த ஆளுநர் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் தொகுதி வரைபடங்கள்மீது அம்மாநில ஆளுநருக்கு வெட்டோ அதிகாரமே இல்லை.

இனி கலிபோர்னியா. எதிரணியின் வாதங்களில் வலுவானது இதுதான் என்பதால் இதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை.

நடந்தது இதுதான். 2025 கோடையில் அதிபர் டிரம்ப் டெக்சாஸிலிருந்து மேலும் ஐந்து இடங்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். கணக்கெடுப்பு எதுவும் நடக்காத ஆண்டு அது. அங்குள்ள 38 இடங்களில் 25 ஏற்கெனவே குடியரசுக் கட்சியிடம் இருந்தன. எல்லையை மாற்றச் சட்டமன்றம் கூடுவதற்குரிய எண்ணிக்கை இல்லாமல் போகட்டும் என்று ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலத்தைவிட்டே வெளியேறி, பெரும்பாலோர் இல்லினாய்ஸில் தங்கினார்கள். அவர்கள் திரும்பியதும் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பதிலடியாகக் கலிபோர்னியா நவம்பர் 4 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தி, 2026, 2028, 2030 தேர்தல்களுக்குத் தன் ஆணையத்தின் வரைபடத்தை நிறுத்திவைத்து, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும்படியான வரைபடத்தை ஏற்றது. 2008லும் 2010லும் இதே மக்கள் வாக்களித்து உருவாக்கிய ஆணையம் அது. மிசௌரி மாநிலம் தன் கேன்சஸ் சிட்டி நகரைப் பல தொகுதிகளாகக் கூறுபோட்டதும் இதே ஆண்டில்தான்.

ஐந்துக்கு ஐந்து சரியாகிவிட்டது என்று சிலர் அமைதி கொள்கிறார்கள். வாஷிங்டனில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பவருக்கு அது சரியாகலாம். 2024ல் கலிபோர்னியாவில் டிரம்புக்கு வாக்களித்தவர்கள் சுமார் 60 லட்சம் பேர். டெக்சாஸில் கமலா ஹாரிஸுக்கு வாக்களித்தவர்கள் சுமார் 48 லட்சம் பேர். ஓரிகன், நெவாடா எல்லைகளை ஒட்டி, கால்நடை வளர்ப்பை நம்பி வாழும் மோடாக் மாவட்டத்தவரை சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகிலிருக்கும் செல்வச் செழிப்பான மரின் மாவட்டத்தோடு சேர்த்து ஒரே தொகுதியாக்கினால், மோடாக் விவசாயிக்கு நேர்ந்த இழப்பை டெக்சாஸின் ஆஸ்டின் நகர ஆசிரியருக்கு நேர்ந்த இழப்பு எப்படி ஈடுசெய்யும்? இரண்டு அநீதிகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை. இரு மாநிலங்களிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட மனிதர்களின் குரல் மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். கலிபோர்னியா செய்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அது எதிரணிக்குச் சாட்சி சொல்கிறதா என்று கேளுங்கள். எல்லை வரையும் உரிமை டெக்சாஸில் சட்டமன்றத்திடம் இருந்ததால்தான் இந்தத் தீ பற்றியது. நேர்மையான விதியை ஒரு மாநிலம் மட்டும் தனியே கடைப்பிடித்தால் அந்த மாநிலம்தான் இழக்கிறது என்பதே இதில் தெரிகிறது. எனவே ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்பதற்குத்தான் கலிபோர்னியா சான்று.

இந்தியானாவைப் பார்த்து நம்பிக்கை கொள்ளலாமே என்று எதிரணியிலிருந்து யாரேனும் கேட்கக்கூடும். 2025 டிசம்பர் 11 அன்று அம்மாநில மேலவை புதிய வரைபடத்தை 31க்கு 19 என்று நிராகரித்தது. 50ல் 40 பேர் குடியரசுக் கட்சியினராக இருக்கும் அவையில், அக்கட்சியைச் சேர்ந்த 21 பேர் தங்கள் அதிபரின் அழுத்தத்தையும் தங்களுக்கு வந்த மிரட்டல்களையும் மீறி எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களை இந்த மேடையிலிருந்து மனமார வணங்குகிறேன். ஆயினும் 21 பேரின் நெஞ்சுரத்தை நம்பித்தான் ஒரு மாநிலத்தின் வாக்குரிமை தப்பிப் பிழைக்க வேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது. அடுத்த மாநிலத்தில் அந்த 21 பேர் இருக்க மாட்டார்கள், டெக்சாஸில் இருக்கவில்லை.

ஆணையம் உண்மையில் வேலை செய்கிறதா என்பதற்கு மிச்சிகன் இருக்கிறது. 2018ல் பொதுவாக்கெடுப்பின் மூலம் உருவான 13 பேர் கொண்ட ஆணையத்தில் இரு கட்சிகளின் சார்பிலும் நான்கு நான்கு பேர், எக்கட்சியையும் சாராதவர்கள் ஐந்து பேர்; விண்ணப்பித்த பொதுமக்களிடமிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்படுகிறார்கள். அவர்கள் வரைந்த எல்லைகளில் 2022ல் நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சி காங்கிரஸ் இடங்களை 7க்கு 6 என்றும், மாநிலக் கீழவையை 56க்கு 54 என்றும் வென்றது. இரண்டு ஆண்டுகளில் மக்களின் மனம் மாறியது; குடியரசுக் கட்சி காங்கிரஸ் இடங்களில் 7க்கு 6 என்றும், கீழவையில் 58க்கு 52 என்றும் முன்னேறியது. மக்கள் சாய்ந்த பக்கம் இடங்களும் சாய்ந்தன. எதிரணித் தலைவர் விரும்பும் தண்டனை அங்கேதான் சாத்தியமாயிற்று. அந்த ஆணையமும் தவறியதுண்டு: டெட்ராய்ட் பகுதிச் சட்டமன்றத் தொகுதிகளை இன அடிப்படையில் வரைந்துவிட்டது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2023ல் சொன்னது, அவை திருத்தப்பட்டன. தவற்றால் அரசியல் ஆதாயம் பெறாதவர்கள் கையில் இருந்த தவறு என்பதால் அதைத் திருத்துவதும் எளிதாக இருந்தது. அயோவாவில் 1980 முதல் கட்சி சாராத சட்டமன்ற அலுவலர்களே வரைகிறார்கள். பதவியில் இருப்பவர்களின் வீட்டு முகவரியையோ வாக்காளர்களின் கட்சிப் பதிவையோ அவர்கள் பார்க்கக்கூடாது. அங்குள்ள நான்கு இடங்களில் மூன்று 2018ல் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. இன்று நான்கும் குடியரசுக் கட்சியிடம் இருக்கின்றன. அதற்காக யாரும் வரைபடத்தைக் குறை சொல்வதில்லை.

மீதமிருப்பது அரசியல் சாசனம். முதலாவது சரத்தின் நான்காம் பிரிவை எதிரணித் தலைவர் பாதி வரை மட்டும் வாசித்தார். காங்கிரஸ் தேர்தல்களின் நேரம், இடம், முறை ஆகியவற்றை மாநிலச் சட்டமன்றம் வகுக்கும் என்ற அதே வாக்கியம், காங்கிரஸ் எப்போது வேண்டுமானாலும் சட்டம் இயற்றி அவ்விதிகளை மாற்றலாம் என்றும் சொல்கிறது. 1842ல் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்று காங்கிரஸ் விதித்ததும், 1967ல் அதை மீண்டும் உறுதிசெய்ததும் இந்த அதிகாரத்தால்தான். அரிசோனா மக்கள் தாங்களே வாக்களித்து அமைத்த ஆணையம் சாசனத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2015ல் தீர்ப்பளித்திருக்கிறது.

காங்கிரஸ் இதைச் செய்யாது என்று சொல்வோருக்கு ஒரு பதில். எல்லா மாநிலங்களிலும் ஆணையம் வேண்டும் என்ற மசோதா 2021ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. மேலவையான செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும் என்ற விதியில் சிக்கி நின்றது. 2025 ஆகஸ்டில், பத்தாண்டுக் கணக்கெடுப்புக்கு இடையில் எல்லையை மாற்றக்கூடாது என்ற மசோதாவைக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் கெவின் கைலி. அந்த மாநிலத்தின் புதிய வரைபடத்தில் அவருடைய தொகுதியும் குறிவைக்கப்பட்டிருந்தது. இரு கட்சிகளிலும் அடிபட்டவர்கள் இப்போது இருக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2030ல் வருகிறது, அதன் வரைபடங்கள் 2031ல் வரையப்படும். அன்று எந்த மாநிலத்தில் எந்தக் கட்சி ஆளும் என்று இன்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இந்த இடைவெளியில்தான் இரு கட்சிகளும் பொதுவான ஒரு விதிக்கு உடன்பட முடியும். அந்தச் சட்டத்தை 2030க்குள் காங்கிரஸ் இயற்ற வேண்டும், அதில் எல்லை வரையும் பொறுப்பு ஆணையங்களிடமே ஒப்படைக்கப்பட வேண்டும் என்று கூறி, தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.