ஹிர்ட்டா தீவின் கல் கொட்டில்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளுக்கும் மேற்கே, ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலில் நிற்கும் செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் அடங்கிவிட்ட எரிமலையின் எச்சம் இத்தீவுகள். இவற்றுள் பெரியது ஹிர்ட்டா. அங்குள்ள கோனகேர் மலை, 430 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. பிரிட்டனில் இதைவிட உயர்ந்த கடலோரப் பாறைமுகம் இல்லை. மரமே இல்லாத அந்த மண்ணில், தென்கிழக்கு விரிகுடாவை ஒட்டி, 1860களில் கட்டப்பட்ட 16 வீடுகள் கொண்ட தெரு வளைந்து கிடக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் முதலில் நாடுவது அத்தெருவைத்தான். ஆனால் தீவின் வரலாற்றை அறிய, சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் கல் கொட்டில்களிடமே போக வேண்டும் என்பேன்.

‘கிளீட்’ எனப்படும் இக்கொட்டில்கள் ஹிர்ட்டாவில் மட்டும் 1,200க்கு மேல் உள்ளன. சாந்து பூசாமல் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, மேலே போகப்போக உட்புறம் குறுக்கி, பட்டைக்கற்களால் மூடி, அதன்மேல் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளைப் பரப்பினார்கள். கூரை மழையைத் தடுத்தது. கல்லிடுக்குகளில் ஓயாமல் நுழைந்த காற்று, உள்ளே வைத்த பறவை இறைச்சியை உலர்த்தியது. முட்டை, வைக்கோல், எரிபொருளுக்கான கரிமண் எல்லாவற்றுக்கும் அதுவே சேமிப்பறை. கயிற்றில் இறங்கிப் பாறைமுகங்களில் பிடித்த ஃபுல்மார், கேனட், பஃபின் பறவைகளே அம்மக்களின் முக்கிய உணவு. மக்லியோட் நிலக்கிழாருக்குச் செலுத்திய வாடகையில் இறகுகளும் அடங்கும்.

1727இல், பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்னும் கடற்பாறையில் இறங்கிய மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும், ஹிர்ட்டாவில் பெரியம்மை பரவியதால் படகோட்டி வந்து அழைத்துச் செல்ல ஆளின்றி, மறு ஆண்டு மே மாதம்வரை அங்கேயே உயிர் தரித்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அவர்களின் கடல் அறிவின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

இளையோர் வெளியேறி, நோயும் தனிமையும் மிகுந்தபின், தங்களை அழைத்துச் செல்லுமாறு எஞ்சியவர்களே அரசுக்கு விண்ணப்பித்தார்கள். 1930 ஆகஸ்ட் 29 அன்று 36 பேரும் புறப்பட்டார்கள்.

யுனெஸ்கோ 1986இல் இயற்கைச் சிறப்புக்காகவே இத்தீவுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பண்பாட்டுத் தகுதி 2005இல்தான் கிடைத்தது. அது தாமதமான அங்கீகாரம் என்பது என் உறுதியான கருத்து. இன்று ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இக்கட்டுமானங்கள் செப்பனிடப்பட்டு வருகின்றன.